கால் ஊன்றாமல் கல்லேறிய மஹ்ரூப் நானா

பரீட்சைக் கடமைக்காக வில்கமுவைக்குப் போயிருந்தேன். பரீட்சை முடியும்வரை கைத்தொலைபேசிகளைப் பாடசாலை அதிபரின் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு மதியம் தொலைபேசியைத் திறந்தபோது றிஸ்வி பலமுறை அழைத்திருந்தது தெரிந்தது. றிஸ்வி, மஹ்ரூப் நானாவின் தம்பி. எனக்கு அழைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. திருப்பி அழைக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"சேர், நானா மௌத்தாகிட்டாரு. சுபஹ் தொழுதுட்டுப் படுத்தவரு. காலச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனேன், எழும்பல்ல. அஸர் தொழுகையோட ஜனாசாவ எடுக்கிறோம். வந்துக்குவீங்களா?"

வந்துவிடுவேன் என்றேன். வில்கமுவையில் பஸ் எப்போது வரும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே நிச்சயமில்லை. கூட வேலை பார்த்த ஆசிரியர் தன் மோட்டார் சைக்கிளில் என்னைச் சந்திவரை கொண்டுபோய் விட்டார். அங்கே காத்திருந்து ஏறிய பஸ் ரிவர்ஸ்டனைத் தாண்டும்போது மூடுபனி இறங்கிவிட்டது. இரத்தோட்டைக்கு இறங்கும் பாதையில், வளைவு ஒன்றுக்குக் கீழே ஓர் ஓடை இருக்கிறது. எனதும் மஹ்ரூப் நானாவினதும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஓடையில்தான் கழிந்தன. கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

மாத்தளை மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்து வந்துகொண்டிருந்தார்கள். றிஸ்வி என் இரண்டு கைகளையும் பிடித்து, "கொஞ்ச நேரம் பாத்தோம் சேர்" என்றார். அவர் மேல் குறையில்லை. ஈரமண்ணுக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

மாத்தளைக் கடைத்தெருவில் அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற மஹ்ரூப் முதலாளி, அதிகம் பேசாதவர், விலை சொன்னால் சொன்னதுதான். அவர் பைக்கிலிருந்து விழுந்துதான் இறந்தார் என்று ஒரு பேச்சு ஊரில் அடிபடுகிறது. அது சரியல்ல. கொஞ்சக் காலமாகவே இருதயம் பலவீனமாக இருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஆனால் பைக் என்ற பேச்சு வந்ததே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த மஹ்ரூப் நானாவைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

நான் இரத்தோட்டைப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். தனியாள். லீவு நாட்களில் எங்கேயாவது நடந்து திரிவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓடைப் பக்கம் இறங்கியபோது என்ஜின் சத்தம் கேட்டது. ஆசனமே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளில், நின்றபடியே ஒரு மனிதர் பாறை ஒன்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, சாரத்துக்குப் பதிலாகக் காக்கிக் காற்சட்டை, தலையில் பழைய ஹெல்மெட். வேகம் என்பதே இல்லை. முன்சில்லு கல்லைத் தொட்டது, வண்டி ஒரு கணம் அசையாமல் நின்றது, பிறகு பூனை மதிலேறுவதுபோல ஏறிவிட்டது. மேலே நின்று என்னைப் பார்த்தார்.

"தம்பிக்கு அவசரமா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஒரு உதவி செய்ங்க. என்ட கால மட்டும் பாருங்க. பைக்கப் பாக்க வாணாம். கால் தரையில பட்டா 'பட்டிச்சு'ன்னு சொல்லுங்க."

அதுதான் அந்த விளையாட்டின் விதி. பாறை, சேறு, வேர், தண்ணீர், எதன்மேல் போனாலும் கால் ஊன்றக்கூடாது. ஊன்றினால் புள்ளி போய்விடும். முந்துவதற்கு அங்கே ஆளில்லை. பார்ப்பதற்கு மட்டும் ஒருவர் வேண்டும். ஓட்டுகிறவனுக்குத் தன் கால் பட்டதா இல்லையா என்பது பல வேளை தெரியாது. அன்று அவர் கால் இரண்டு இடத்தில் பட்டது. சொன்னேன். "சரியாச் சொல்றீங்க. அடுத்த கெழமையும் வாரீங்களா?" என்று கேட்டார்.

இளவயதில் ஓமானில் சாரதியாக இருந்தபோது, வறண்ட ஆற்றுப் படுகை ஒன்றில் இந்தப் போட்டியை முதன்முதலாகப் பார்த்தாராம். "ஒலகத்துல அத்தன பேரும் வேகமாப் போறதுக்கு அடிபடுறாங்க. மெதுவாப் போறதுக்கும் ஒரு போட்டி ஈக்குன்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சிச்சு" என்று சொல்வார். ஊர் திரும்பியபின் ஒரு தோட்டத்துப் பங்களாவின் பின்கொட்டகையில், எந்தக் காலத்துத் துரையோ விட்டுப்போன அந்த வண்டி துருப்பிடித்துக் கிடந்ததைப் பழைய இரும்பென்று வாங்கி வந்தார்.

அதை ஓடவைத்தது தனிக் கதை. அதற்கு உதிரிப்பாகம் இந்த நாட்டில் கிடையாது. கிளட்ச் தட்டுகளை வேறொரு வண்டியினுடையதை வாங்கி அராவிப் பொருத்தினார். பின்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கிக் கடைசல்காரரிடம் செய்வித்தார். இதெல்லாம் கடையின் பின்னறையில், சாதிக்காய்ச் சாக்குகளுக்கு நடுவில் நடந்தது. ஒருமுறை கொழும்பு வியாபாரி ஒருவர் வசுவாசியை, அதாவது சாதிபத்திரியை, திருப்பி அனுப்பிவிட்டார், பெட்ரோல் மணக்கிறதாம். றிஸ்வி கத்தினார். "கராம்ப விட்டுட்டு கராஜ் போடுங்க நானா!" மஹ்ரூப் நானா சாக்கை மோந்து பார்த்துவிட்டு, "பெட்ரோல் இல்லடா, டூஸ்ட்ரோக் எண்ண" என்றார். அவர் செய்த பகிடிகளில் எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான். அது பகிடி என்று அவருக்குத் தெரிந்ததா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

ஓடைக்கு வந்ததும் முதலில் டயர்க் காற்றை இறக்குவார். பெருவிரலால் அழுத்திப் பார்த்து, பழுத்த பப்பாசி அளவுக்கு மெத்தென்று வரும்வரை இறக்குவார். பிறகு வண்டியை விட்டுவிட்டு ஏறப்போகிற வழியெல்லாம் நடப்பார். ஒவ்வொரு கல்லையும் சப்பாத்தால் ஆட்டிப் பார்ப்பார். நடப்பது நெடுநேரம், ஓட்டுவது சில நிமிடம். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்டுக்குப் போனா என்ன சேர் ஈக்கு?" என்றார். மனைவி இறந்து பல காலம். பிள்ளைகள் இல்லை. கடைக்கு மேலே இரண்டு அறை. சாப்பாடு தம்பி வீட்டிலிருந்து வரும். எனக்கும் ஏறக்குறைய அதே நிலைதான் என்பதால் நான் மேலே கேட்கவில்லை. நாங்கள் நண்பர்களா என்று யாராவது கேட்டிருந்தால் இருவருமே பதில் சொல்லத் தடுமாறியிருப்போம். வாரத்தில் ஒருநாள் நான் அவர் காலைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பிறகு எனக்கும் ஓட்டப் பழக்கினார். நான் மோசமான மாணவன். நான் ஏறும்போது அவர் பாறையில் குந்தியிருந்து, "பட்டிச்சு... பட்டிச்சு..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் சலித்துப்போய், "ஒரு தடவையாவது படலன்னு சொல்லக்கூடாதா நானா?" என்றேன். "பட்டதப் படலன்னு சொல்றதுக்கு ஒங்களச் சுத்தி ஆளிருப்பாங்க. அதுக்கு நான் எதுக்கு?" என்றார். அப்போது கோபம் வந்தது. பிற்காலத்தில் பாடசாலை அதிபராகி, நான் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற கூட்டங்களில் உட்கார ஆரம்பித்த பிறகு அந்தச் சொல் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அந்தப் பெருமழை நாட்களை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மலை பல இடங்களில் சரிந்து, ரிவர்ஸ்டன் பாதை துண்டு துண்டாகிவிட்டது. மேலே உள்ள தோட்டத்திலிருந்து ஒருவர் சேறும் காயமுமாக நடந்து இறங்கி வந்தார். தொழிலாளர் லயத்தில் முருகையா என்பவருக்கு இன்சுலின் முடிந்துவிட்டது, ஆள் மயங்கி மயங்கி விழுகிறார் என்றார். மருந்து ஆஸ்பத்திரியில் கிடைத்தது. கொண்டுபோவதுதான் கேள்வி. நடந்தால் போய்ச் சேர இருட்டிவிடும். எந்த வாகனமும் போகாது. மஹ்ரூப் நானாவைக் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் வண்டியை லொறியில் ஏற்றினார்.

முதல் சரிவுவரை நானும் போனேன். பாதை இருந்த இடத்தில் பாறைகளும் வேரோடு பிடுங்கிய மரங்களும் செம்மண்ணும் கிடந்தன. மருந்தை ஃபிளாஸ்க் ஒன்றில் வைத்து நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டார். அவசரம் இருந்தும் அன்றும் நடந்து பார்த்தார். திரும்பி வந்து என் கையில் ஒரு விசிலைத் தந்தார்.

"இன்னைக்கி என்ட காலப் பாக்க வாணாம் சேர். மலையப் பாருங்க. மண்ணு அசஞ்சா ஊதுங்க."

மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ஜின் முனகுவதும் நிற்பதும் மறுபடி முனகுவதும் கேட்டது. நடுவில் மேலிருந்து சிறுகற்கள் உருண்டன. ஊதினேன். அவர் நின்றார். மண் அசையவில்லை. மீண்டும் முனகல். பிறகு அந்தச் சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்ந்து போய்விட்டது. அதன்பின் மழை மட்டும்தான். அந்தப் பகல் முழுக்க அங்கேயே நின்றேன். போய்ச் சேர்ந்தாரா, விழுந்துவிட்டாரா என்று கேட்டறிய ஒரு வழியும் இல்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது அந்த முனகல் திரும்பவும் கேட்டது. தலைமுதல் கால்வரை சேறு. கால்மிதி ஒன்று வளைந்திருந்தது. முருகையா கண் திறந்துவிட்டார் என்று சொன்னார்.

"கால் எத்தன தரம் பட்டிச்சு?" என்றேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"கால் இல்லாட்டி இன்னைக்கிப் போயிருக்கவே ஏலாது சேர்." பிறகு ஹெல்மெட்டைக் கழற்றியபடி, "அவரோட பொஞ்சாதி, லெச்சுமி, நன்றி அது இதுன்னு ஒண்ணும் சொல்லல. உள்ளுக்கு வந்து உக்காருங்கன்னு சொன்னா. நனஞ்சிட்டீங்களேன்னு துண்டு தந்தா" என்றார். துண்டு தந்ததையே லொறியில் திரும்பும்போது இன்னொருமுறையும் சொன்னார்.

பாதை திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லெச்சுமி ஓடைக்கு பிளேன்டீ கொண்டுவர ஆரம்பித்தார். கல்லின்மேல் ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு, "கிறுக்குத்தனந்தான் போங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அதற்குப் பிறகு மஹ்ரூப் நானாவுக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. முதலில் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்ய மூச்சு வாங்கியது. நான் உதைத்துக் கொடுத்தேன். பிறகு டாக்டர் வண்டியே கூடாது என்றார். அப்போதும் வந்தார். காற்று இறக்குவதை விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஓட்ட, அவர் பாறையில் இருந்தபடி பார்த்தார். கடைசியாக வந்த அன்றுகூட நான் நன்றாக ஏறிவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கம்மிய குரலில் "பட்டிச்சு" என்றார்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் வண்டி இல்லாமல் அந்த ஓடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வேறெங்கும் போகத் தோன்றவில்லை. சற்று நேரத்தில் லெச்சுமி ஃபிளாஸ்க்கோடு இறங்கி வந்தார். தோட்டத்துக்கு யாரும் சேதி சொல்லவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"நானா வரலீங்களா சேர்? ஒடம்பு முடியலியா?"

சொன்னேன்.

அவர் அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஓடை முழுக்கக் கேட்கிறமாதிரி அழுதார். மஹ்ரூப் நானாவுக்காக ஒருவர் வாய்விட்டு அழுததை நான் அப்போதுதான் கேட்டேன்.

அழுது ஓய்ந்தபின் கேட்டார். "அன்னைக்கி மழயில வந்தப்போ எங்க வீட்டுக்காரரு கேட்டாருங்க, பயமா இல்லியான்னு. நானா என்ன சொன்னாரு தெரியுங்களா?"

தெரியாது என்றேன்.

"அந்தப் பக்கம் ஒரு சேர் நிக்கிறாரு. நான் திரும்பிப் போறவரைக்கும் அவரு அந்த எடத்த விட்டுப் போகமாட்டாரு. அந்த நம்பிக்கையிலதான் வந்தேன்னு சொன்னாருங்க."

இதை மஹ்ரூப் நானா என்னிடம் சொன்னதே இல்லை. நானும் அன்று முழுக்க நின்றதைப் பெரிதாக நினைத்ததில்லை. போக இடமில்லாதவன் நிற்பதில் என்ன இருக்கிறது என்றுதான் எண்ணியிருந்தேன். வண்டியை என்னையே எடுத்துக்கொள்ளும்படி றிஸ்வி சொல்கிறார். எடுப்பேனா என்று தெரியவில்லை. நானாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது லெச்சுமி சொன்ன அந்த வார்த்தைதான். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய ஆள் இப்போது இல்லை.