இல்லாத சத்தத்துக்குப் பொத்தான் அமுக்கியவன்

கும்மிடிப்பூண்டியில் நான் சேர்ந்த மூன்றாவது கம்பெனி ஃபோர்ஜிங் கம்பெனி. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கிடுக்கியில் பிடித்து ஹேமர் மிஷினுக்கு அடியில் வைக்க வேண்டும். அது மேலேயிருந்து விழுந்து அடிக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் கிடையாது. கான்ட்ராக்டர் எந்த ஷெட்டைக் காட்டினாரோ அதில் நின்றேன்.

ஹேமர் ஷெட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. எல்லாம் கைதான். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ வந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றுக்கு முன்னால் பானை வரைந்தால் சூப்பர்வைசர் வருகிறார். காதில் செருகக் கொடுத்த ரப்பர் அடைப்பான் எல்லார் கழுத்திலும் தாலி மாதிரி தொங்கும். போட்டால் அரிக்கும், வியர்வை தேங்கும். அதனால் யாராவது பெரிய ஆள் பார்க்க வந்தால் மட்டும் அது காதுக்கு ஏறும்.

வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு பஸ் வந்து வளாகத்தில் நிற்கும். எடை, ரத்த அழுத்தம், கண், காது, ஊதும் குழாய் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கண்ணில் தேறுவது சுலபம். முன்னால் போய்வந்தவன் எழுத்து வரிசையை ஒப்பித்துவிடுவான். காதுதான் சிக்கல். மந்தம் என்று தெரிந்தால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஓவர்டைம் இல்லை. ஓவர்டைம் இல்லாமல் புதுவாயலில் ரூம் வாடகை கொடுத்தால் எனக்குச் சோறு உண்டு, குழம்பு கிடையாது.

அந்த வருடம் என் வலது காது கிட்டத்தட்ட செத்துக் கிடந்தது. இடது காதும் பெரிய யோக்கியம் இல்லை. கூட வேலை செய்த ஆரம்பாக்கத்துக்காரனிடம் சொன்னேன்.

"இதுக்குப் போயி ஏன் நைனா பேஜாராவுற? காது டெஸ்ட் எடுக்குற பொண்ணு மிஷினைத் தட்டுறத நான் பின்னால நின்னு பாத்துக்கினே இருக்கேன். அது தட்டுனா நான் கட்டவெரலைத் தூக்குறேன். நீ அமுக்கு."

பஸ்ஸுக்குள் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. என்னை உள்ளே உட்காரவைத்து, காதில் பெரிய கிண்ணங்களை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே அந்தப் பெண் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், வரிசையில் நிற்கிறவன் மாதிரி, ஆரம்பாக்கத்தான். கட்டைவிரல் எழுந்தது, அமுக்கினேன். மறுபடி எழுந்தது, மறுபடி அமுக்கினேன். இப்படியே போனால் நாய்க்குக் கேட்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கும் என்று எழுதியிருப்பார்கள்.

கொஞ்ச நேரம் போனதும் கட்டைவிரல் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே எழுந்து உதட்டுப் பக்கம் போனது. நான் அமுக்கினேன். ஆட்டினான், நானும் விடாமல் அமுக்கினேன்.

அந்தப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"அண்ணா, நான் மிஷினையே நிறுத்திட்டேன். இப்ப இன்னா கேட்டுச்சு உங்களுக்கு?"

அவள் தோளுக்குப் பின்னால் டீக்காரர் பித்தளைக் கேனோடு பஸ் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"டீ வந்துச்சும்மா," என்றேன்.

ஆரம்பாக்கத்தானைப் பஸ்ஸை விட்டு இறக்கினாள். என்னை டாக்டரிடம் தள்ளினாள். அவர் வயதானவர், திட்டவில்லை. இரண்டு பல் வைத்த ஒரு இரும்புக் கவையை முழங்கையில் தட்டி, ரீங்காரத்தோடு என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தக் காது மந்தம்?"

"வலது சார்."

"இப்ப எந்தப் பக்கம் சத்தமா கேக்குது?"

எனக்கே வெட்கமாக இருந்தது. "அதே வலதுதான் சார்."

பொய் சொல்கிறேன் என்று நினைப்பார் என்று பயந்தேன். அவருக்கோ சந்தோஷம். கவையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், கேட்டது. காதுக்கு முன்னால் பிடித்தார், ஒன்றுமில்லை. "வழி அடைச்சிருக்குப்பா. அடைச்ச காதுக்கு வெளிச் சத்தம் வராது, எலும்பு வழியா வர்றது மட்டும் கணீர்னு கேக்கும்" என்றார். கூம்பு வைத்த விளக்கால் உள்ளே பார்த்தார். "இன்னாப்பா இது, உள்ள தார் ரோடே போட்டு வச்சிருக்க?"

சில நாள் சொட்டு மருந்து விட்டு, அவருடைய கிளினிக்குக்குப் போனேன். பீச்சாங்குழல் மாதிரி ஒன்றால் வெந்நீர் அடித்தார். ஷெட்டின் இரும்புத் தூளும் குரும்பியுமாகக் கறுப்பாக ஒரு கட்டி கிண்ணத்தில் விழுந்தது. வலது காது திறந்துகொண்டது. வேலை பிழைத்தது என்று நினைத்தேன்.

அந்தக் கிளினிக்கிலும் ஒரு கண்ணாடி அறை. இந்தத் தடவை என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். தடித்த சத்தமெல்லாம் கேட்டது. மெல்லிசான சத்தம் வரவேண்டிய நேரத்தில் பொத்தான் சும்மா கிடந்தது. டாக்டர் தாளைக் காட்டினார். கோடு நேராகப் போய், கடைசியில் கிணற்றில் விழுந்தது. இரண்டு காதுக்கும் அதே கிணறு.

"அழுக்கை நான் எடுத்துட்டேன். இது நரம்பு. ஹேமர் அடிச்ச அடியில போனது, திரும்பாது. இருக்கறதக் காப்பாத்திக்கோ."

கான்ட்ராக்டர் என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பினார். அங்கே போனபிறகுதான் எனக்குக் காது கேட்காது என்பதே எனக்குத் தெரிந்தது. ஹேமர் ஷெட்டில் நான் நல்ல பேச்சுக்காரன், ஜோக்குகூட கையால் அடிப்பேன். பேக்கிங்கில் பெண்கள் அட்டைப்பெட்டிக்கு மேல் தலையைக் குனிந்து, குசுகுசுவென்று வாயால் பேசிச் சிரித்தார்கள். எனக்குப் பேச்சின் வால் மட்டும் காதில் விழும், தலை விழாது.

"எத்தினி வாட்டி கூப்புடறது? யோவ், செவுட்டு மாமா."

"மூஞ்சியப் பாத்து கூப்புடும்மா, வரேன்."

"மூஞ்சியப் பாக்குற மாதிரியா கீது?"

குழம்பில்லாத சோற்றையும் இந்தப் பேச்சையும் சேர்த்துத் தின்று கொஞ்ச காலம் ஓட்டினேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் பக்கம் காக்களூருக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் ஆள் எடுத்தார்கள். ஹேமர் அளவுக்கு இல்லாவிட்டாலும் இரும்பு இரும்பைத்தானே அடிக்கிறது. ஓவர்டைம் உண்டு. ஆனால் உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். முந்தின இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி கவையை எடுப்பார், கிணறு வெளியே வந்துவிடும்.

இந்த டாக்டர் அவசரக்காரர். நாடியைப் பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் நேராக என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"காது நல்லா கேக்குதா?"

"நல்லா கேக்குது சார்."

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் முதல் வேலையாக மருந்துக்கடையில் காதுக்குப் பஞ்சு வாங்கினேன்.