கலாவின் தலைமேல் ஒரு சத்தியம்

போன வாரம் தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது.

"சார், ஞாயித்துக்கிழமை பேப்பர்ல எழுதறது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். மனிதருக்கு அறுபது வயது இருக்கும். ஒரு கையில் வஞ்சிரம், இன்னொரு கையில் நான். இரண்டையும் விடுகிற உத்தேசம் இல்லை.

"உங்க மக எங்க சார்? அந்த ஜாக்கெட் பாப்பா! எட்டு மாசமா ஆளையே காணோம். வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிட்டீங்களா?"

"பரீட்சை சார்" என்றேன். சிங்கப்பூரில் எந்தக் கேள்விக்கும் இந்த ஒரு பதில் போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அவரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு இறால் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். பதினைந்து வயது, உயர்நிலை மூன்று.

"எழுதுங்கப்பா. பட், நான் படிச்ச பிறகுதான் அனுப்பணும்."

நிபந்தனைகளும் உண்டு. பெயர் கூடாது. எப்படி என்று எழுதக் கூடாது. ஏன் என்றும் எழுதக் கூடாது. "ஏன்னு எனக்கே முழுசா தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நியாயம்தானே?

ஆகவே... விஷயம் இதுதான். என் மகள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு இருந்தாள். பல மாதங்களாக. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, எனக்கும் என் மனைவி கலாவுக்கும் தெரியாமல்.

தெரியாமல் என்றா சொன்னேன்? பொய். கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. உட்லண்ட்ஸில் எங்கள் வீடு பன்னிரண்டாவது மாடி. மாலை நாலு மணிக்கு வெயில் நேராக ஹாலுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வெயிலிலும் பெண் முழுக்கைக் குளிர் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டாள்.

இதைப் பார்த்த தகப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்தி எழுதினேன்! 'எங்கள் வீட்டு சைபீரியா' என்று தலைப்பு வேறு. ஊரே சிரித்தது. மூன்று வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. அவளும் படித்தாள். "ஃபன்னிப்பா" என்றாள். ஜிப்பை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இதை எழுதும்போதே கூசுகிறது. போகட்டும், கூச வேண்டியவன்தான்.

பிறகு ஒரு புதன்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆலோசகர் மிஸ் நஸீமா கூப்பிட்டிருந்தார். சின்ன வயதுக்காரர். பூர்வீகம் காரைக்கால் பக்கம், நாலு தலைமுறையாகச் சிங்கப்பூர். நாங்கள் போனதும், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்களிடம் நிதானமாகச் சொன்னார்.

"இது நடிப்பு இல்ல சார். உங்களைப் பழிவாங்கவும் இல்ல. உள்ள தாங்க முடியாம இருக்கிறப்ப, அதைச் சமாளிக்க அவளுக்குத் தெரிஞ்ச வழி இப்போதைக்கு இது ஒண்ணுதான். வேற வழிங்க இருக்கு. டாக்டரையும் பார்ப்போம். டைம் எடுக்கும்."

கலா அழுதுகொண்டே கேட்டாள். "மிஸ், நாங்க இப்ப என்ன செய்யணும்?"

"இப்போதைக்கு மூணு விஷயம் செய்யாம இருந்தா போதும்மா. திட்டாதீங்க. கெஞ்சாதீங்க. சத்தியம் வாங்காதீங்க."

இருவரும் சமர்த்தாகத் தலையாட்டினோம்.

பள்ளி வாசலில் இருக்கிற பஸ் நிறுத்தம் வருவதற்குள் திட்ட ஆரம்பித்தோம். "உனக்கு என்னடி குறை வச்சோம்? தனி ரூம், ஏர்கான், கேக்குறதெல்லாம்..." என்று கலா ஒரு பக்கம். நான் இன்னொரு பக்கம். பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்ததும் கெஞ்ச ஆரம்பித்தோம். மூன்றில் இரண்டை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம்.

வீட்டில் நான் என் பங்குக்கு ரோந்து போனேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவள் அறைக் கதவைத் தட்டுவேன். சும்மா தட்டினால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாளே... அதனால் கையில் பழத்தட்டு. கொய்யா. பப்பாளி. பத்து நிமிடம் கழித்து டிராகன் பழம். எங்கள் தலைமுறை அப்பாக்களுக்கு 'உன்னை நினைத்து உயிர் போகிறது' என்று வாயால் சொல்ல வராது. நறுக்கித்தான் தருவோம்.

நாலாவது தட்டின்போது கேட்டாள். "அப்பா, என் ரூமென்ன ஃப்ரூட் ஸ்டாலா?"

சனிக்கிழமை மூன்றாவது காரியமும் நடந்தது. கலா அவளைக் காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நானும் கூடவே. சன்னிதி முன்னால் கலா மகளின் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே செய்ய மாட்டேன்னு அம்மா தலைமேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். கலா அழுதாள். நான் அழுதேன். அவள் மட்டும் அழவில்லை. வெளியே வந்து மூன்று பேரும் ஐஸ் துருவலில் சர்பத் ஊற்றின ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். பிரச்சினை தீர்ந்தது என்றே நாங்கள் இரண்டு மேதாவிகளும் நினைத்தோம்.

நம் வீடுகளில் சத்தியம் எவ்வளவு மலிவு என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? 'லைட்டை அணைச்சியா?' 'அம்மா சத்தியமா அணைச்சேன்!' 'வந்துட்டியா?' 'சத்தியமா பஸ்ல இருக்கேன்!' - கட்டிலில் படுத்துக்கொண்டுதான். நான் சின்ன வயதில் பண்ணிய சத்தியங்களுக்கெல்லாம் பலன் உண்டென்றால் என் அம்மா குறைந்தது நானூறு தடவை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எண்பத்திரண்டு வயதில் ஜோகூரில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது வேடிக்கை இல்லை. அவள் நம்பினாள்.

மாதங்கள் ஓடின. மருத்துவரிடம் போனாள், மிஸ் நஸீமாவிடம் போனாள். எல்லாரிடமும் 'ஓகே' என்றாள். கலா பெருமையாகச் சொல்வாள். "மிஸ் வேணாம்னு சொன்னாங்க. பாருங்க, சத்தியம்தான் வேலை செஞ்சிருக்கு."

அப்புறம் கலாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்தோம். மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனால், வார்டு வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வர மாட்டேன் என்கிறாள். எனக்குக் கோபம்! பெற்ற தாய் படுத்திருக்கிறாள், இவளுக்கு என்ன பிடிவாதம்?

கீழே உணவகத்துக்கு இழுத்துப்போய் ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா செத்துருவாங்களா?"

"சீ, என்ன பேச்சு? நாலு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் சத்தியத்தை பிரேக் பண்ணிட்டேன்பா."

காத்தோங்கிலிருந்து வந்த மூன்றாவது வாரமே நடந்திருக்கிறது. பிறகும் சில முறை. அன்றிலிருந்து கலா இருமினால் இவளுக்கு நடுக்கம். கலா வேலையிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நடுக்கம். யாரிடம் சொல்வாள்? சொன்னால் சத்தியம் மீறியது தெரிந்துவிடுமே. அம்மாவைக் கொன்ற பெண் ஆகிவிடுவாளே. இப்போது டெங்கு என்றதும் தன்னால்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஒரு வலியை ஒளித்து வைத்திருந்த குழந்தை. அதன் கையில் ஒரு கொலைப்பழியையும் கொடுத்து ஐஸ் கச்சாங் வாங்கித் தந்திருக்கிறோம். அந்த மேசையிலேயே, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

"வா, இதை அம்மாகிட்டயே சொல்லு" என்று மேலே கூட்டிப் போனேன். இந்த முறை வந்தாள். கட்டில் காலடியில் நின்று, ஜாக்கெட் கையை முறுக்கிக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னாள்.

கலாவுக்குக் கையில் டிரிப்ஸ், உதடெல்லாம் வெடிப்பு. எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி... எனக்கு டெங்கு வந்தது உன் சத்தியத்தாலயா? உங்கப்பா காரிடார்ல வச்சிருக்காரே கறிவேப்பிலைத் தொட்டி, அது தட்டுல தேங்கின தண்ணியாலடி! கவர்மென்ட்லேருந்து வந்து ரெண்டு தரம் எச்சரிச்சுட்டுப் போனாங்க. கொலைகாரர் அவரு. நீ இல்ல."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அந்தக் குறுகலான கட்டிலில் இரண்டு பேரும் எப்படியோ படுத்துக்கொண்டார்கள். தாதி வந்து அதட்டும்வரை எழவில்லை. கொலைகாரன் ஓரமாக நின்றேன்.

கலா வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் மறுபடியும் காத்தோங். அதே சன்னிதி.

"பிள்ளையாரப்பா, அன்னிக்கு ஏதோ பதட்டத்துல வாங்கிட்டேன். அந்தச் சத்தியம் கேன்சல்" என்றாள் கலா, சத்தமாகவே. அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, இப்படிலாம் கேன்சல் பண்ணலாமா?"

"ஏன் பண்ணக் கூடாது? யார் தலை? என் தலைதானே? நான்தான் ஓனர்."

மிஸ் நஸீமாவிடம் குட்டு வாங்கத் தயாராகப் போனோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 'செய்ய மாட்டேன்' என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்காதீர்கள், 'எதையும் எங்களிடம் சொல்லலாம்' என்று நீங்கள் பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள் என்றார். சொன்னால் என்ன செய்வது? அதற்கு எங்களுக்கு ஒத்திகை! அவர் மகளாக நடிக்க, நான் நானாகவே நடிக்க வேண்டும்.

"அப்பா, மறுபடியும் பண்ணிட்டேன்."

"ஏம்மா? நேத்துகூட நல்லாத்தானே..."

"நாலு செகண்ட் சார்" என்றார் மிஸ் நஸீமா. "நாலு செகண்ட்லயே விசாரணையை ஆரம்பிச்சுட்டீங்க." கலா இன்னும் மோசம். அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே அழுதுவிட்டாள்.

ஏழெட்டு ஒத்திகைக்குப் பிறகு ஓரளவு தேறினோம். சொன்னதுக்கு தேங்க்ஸ் என்று சொல்ல வேண்டும். காயம் இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். கேள்வி, புத்திமதி, பழத்தட்டு - எதுவும் கிடையாது. மகளுக்கும் ஒரு வழி சொல்லித் தந்திருந்தார்: மனசு மோசமாகிறது என்று தெரிந்தால் தனியாக இருக்காதே, நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போ, எங்களில் ஒருவருக்கு ஒரு மெசேஜ் போடு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. நடுவில் ஒரு முறை நடந்தது. அன்று மாலையே வந்து சொன்னாள். கலா அழாமல் மருந்து போட்டாள். அழாமல் என்றால் அழாமலே! அது எவ்வளவு பெரிய சாதனை என்று கலாவைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

போன மாதம் ஒரு பிற்பகல். ஃபேரர் பார்க்கில் ஒரு புத்தக வேலையாகப் போயிருந்தேன். போன் அதிர்ந்தது.

'அப்பா, டுடே நாட் ஓகே. ஒண்ணும் பண்ணல. உட்லண்ட்ஸ் லைப்ரரில இருக்கேன். வர முடியுமா?'

'தேங்க்ஸ்மா. கிளம்பிட்டேன்' என்று அனுப்பிவிட்டு எம்ஆர்டி ரயிலைப் பிடித்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகுமே... நடுவில் என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வியும் புத்திமதியும்தான். இரண்டுக்கும் தடை. வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

ரயில் நியூட்டனில் நின்றது. 'நியூட்டன்' என்று அனுப்பினேன்.

படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள். பதில் இல்லை. 'நொவீனா'. நீலம். 'தோ பாயோ'. நீலம். பீஷான், அங் மோ கியோ... அந்தக் கோடுகள் நீலமாகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஆனதும் விடுவேன். 'இயோ சூ காங்'. நீலம். 'காத்திப்'.

காத்திப்பில் பதில் வந்தது. 'அப்பா, நீங்க என்ன எம்ஆர்டி அனௌன்ஸ்மென்ட்டா?'

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே இருந்த சீன மூதாட்டி ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார்.

இத்தனை மாதத்தில் அன்றுதான் முதல் முறை. நடந்த பிறகு அல்ல, நடப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கிறாள். எந்தப் பிள்ளையார் முன்னாலும் யார் தலையிலும் கை வைக்காமல், தானாகவே. பெற்றவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

உட்லண்ட்ஸில் இறங்கினேன். நூலகத்திலிருந்து நடந்து வந்து, நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவள் நடந்தாள், நானும் நடந்தேன். இரண்டு சிக்னல் கடந்தாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

"பேசாம வர்றது ரொம்ப கஷ்டமா இருக்காப்பா?"

"ரொம்ப."

"குட் லா. கன்டின்யூ."