கங்கைக்குப் போன இரட்டைச் சைக்கிள்

பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானும், பாய்ந்து வந்த புனலைச் சடைக்குள் முடிந்துகொண்ட ஈசனும், அடியேன் சொல்லப்போகும் இந்த அற்ப விஷயத்துக்கும் செவி சாய்த்துத் துணை நிற்க வேண்டும் என்று வணங்கித் தொடங்குகிறேன். இன்று ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி, தீபாவளித் திருநாள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை.

சமையலறையில் என் மனைவி கமலா நல்லெண்ணெய் காய்ச்சுகிறாள். மிளகும் ஓமமும் வெற்றிலையும் பொரியும் வாசனை கூடத்துக்கு வந்து சேர்ந்ததும், நண்பரே, எனக்குப் பக்திக்கு முன்னால் எரிச்சல் வருகிறது. கூடவே வலது முழங்கால் வலிக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. தொண்ணூறுகளின் நடுவில் இதே கல்கத்தாவில், இதே எண்ணெயைத் தலையில் வழிய விட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் கங்கைக்குப் புறப்பட்டோம்.

தீபாவளி விடியலில் நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: “கங்கா ஸ்நானம் ஆச்சா?” காவிரிக்கரையில் இருப்பவர் கிணற்று நீரில் கங்கையை நினைத்துக்கொள்வதில் ஓர் அழகு இருக்கிறது. கங்கை ஓடும் ஊரிலேயே குடியிருந்துகொண்டு வாளித் தண்ணீரில் அவளை நினைத்துக்கொள்வது கமலாவுக்கு ஒப்பவில்லை. எனக்குத் துறைமுகத்தை ஒட்டிய அலுவலகத்தில் உத்தியோகம். “உங்களுக்கு ஆபீஸ் ஜன்னலைத் திறந்தா கங்கை. எனக்கு பிளாஸ்டிக் வாளி” என்பாள். அடுத்த வருஷம் என்பேன். இப்படி ஐந்தாறு அடுத்த வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்த ஆண்டு தட்டிக்கழிக்க முடியவில்லை. மாயவரத்தில் கமலாவின் தாயார் மங்களத்தம்மாள் படுத்த படுக்கையாக இருந்தார். கங்கையைக் கண்ணால் காணும் ஆசை இனி நிறைவேறாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. முந்தின வாரம் தொலைபேசியில், “எம் பேரைச் சொல்லி நீ ஒரு முழுக்குப் போடுடி. தீபாவளியன்னிக்குக் கார்த்தால கூப்பிட்டுக் கேப்பேன், நிஜத்தைச் சொல்லணும்” என்றார். பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்தவரிடமே பொய் சொல்ல முடியாதல்லவா?

காளி பூஜை விடுமுறை. முந்தின நாள் மாலையில் ஒரு டாக்சிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். விடியலுக்கு முன்பே வருவதாகத் தலையாட்டினார், வரவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்வது வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது கமலாவின் சட்டம். ஆகவே எண்ணெய்த் தலையும் சீயக்காய்ப் பொட்டலமுமாகத் தெருவில் நின்றோம். அவ்வழியே வந்த வேறொரு டாக்சிக்காரர் எங்களைப் பார்த்தார், தம் வண்டியின் வெள்ளைத் துணி உறையைப் பார்த்தார், “ஜாபோ நா” என்று போய்விட்டார். வரமாட்டேன் என்பதைக் கல்கத்தா டாக்சிகள் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லும்.

அப்போதுதான் கமலாவுக்கு மாடிப்படிக்கு அடியில் நின்ற இரட்டைச் சைக்கிள் நினைவுக்கு வந்தது. அது மேல்மாடி கோஷ் பாபுவுடையது. ஞாயிற்றுக்கிழமை ஏலக்கடைகளில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பியானோவும் பூச்சாடியும் வாங்குவது அவர் பொழுதுபோக்கு. இதுவும் அப்படி வந்ததுதான்: இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி மிதிகட்டை, ஒரே சங்கிலித் தொடர்பு. அவருடைய மனைவி முதல் நாளே அதிலிருந்து இறங்கியவர், அப்புறம் ஏறவே இல்லை. “எப்போ வேணும்னாலும் எடுத்துக்கோங்கோன்னு சொல்லியிருக்காரே” என்றாள் கமலா. கல்லூரிக்குச் சைக்கிளில் போனவள் அவள். நான் உத்தியோகத்துக்கு வந்த பிறகு பழகியவன். இருந்தும் முன்னிருக்கையில் நான்தான் ஏறினேன். ஆண்பிள்ளை அல்லவா!

இரட்டைச் சைக்கிளின் இலக்கணம் வேறு. முன்னால் இருப்பவர் கையில்தான் திருப்பும் பிடி. பின்னால் உள்ள பிடி சும்மா பிடித்துக்கொள்ள மட்டும். கால்கள் நான்கும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். நானோ நல்ல காரியத்துக்குப் போகும்போது வாயை மூடி வைத்திருப்பவன் அல்லன். விடியற்காலத்துக்கு ஏற்ற பாசுரம் ஒன்றை நிதானமாக எடுத்தேன். அது அன்னநடை நடக்கும் பாட்டு. பின்னாலிருந்து கமலா முருகன்மேல் ஒரு சந்தப் பாட்டைத் தொடங்கினாள். அது ‘தனதன தனதன’ என்று குதிரையாய்ப் பாயும். நான் இழுத்துப் பாடிய இடத்தில் என் கால்கள் என்னைக் கேளாமலே ஓடின.

“கொஞ்சம் மெதுவா மிதியேன்!”

“நீங்க பாடறதை நிறுத்திட்டு மிதிங்கோ. நான் ஒருத்தியேன்னா உங்களையும் சேர்த்து இழுத்துண்டு போறேன்?”

“நீ மிதிக்கறியான்னே எனக்குச் சந்தேகம்.”

“அப்போ உங்க கால் எப்படிச் சுத்தறதாம்? பாசுரத்தாலயா?”

எண்ணெய் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கிற்று. துடைத்த கையில் எண்ணெய், அந்தக் கை பிடித்த பிடியில் எண்ணெய். சேத்லாப் பாலத்தின்மேல் மூச்சு வாங்க நிறுத்தினேன். கீழே ஆதிகங்கை, பழைய காலத்தில் கங்கையே ஓடிய தடம், அப்போதைக்குக் கருஞ்சாக்கடை. அலிப்பூரைக் கடந்து ஆற்றங்கரை வரை போகவேண்டிய தூரத்தை எண்ணி, “இதுவும் சாஸ்திரப்படி கங்கைதான்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

“அப்படியா? நீங்க முதல்ல இறங்குங்கோ. நான் இங்கேருந்து சேவிச்சுக்கறேன்.”

மிதித்தோம். பாலம் தாண்டிய முனையில் பந்தலுக்குக் குழி வெட்டி, மூங்கிலும் சேறுமாகப் பாதித் தெருவை அடைத்திருந்தார்கள். எதிரே பறைமுழக்கத்தோடு ஒரு லாரி திரும்பியது. அதன்மேல் அன்றைய பூஜைக்கு எழுந்தருளும் காளி. கரிய மேனி, சிவந்த நா, விரித்த கூந்தல். எத்தனை பாட்டில் வருணித்துப் படித்திருந்தும் அப்படித் திடீரென்று நேருக்கு நேர் வந்தால் மனிதன் என்ன செய்வான்? “தாயே!” என்று இரு கைகளையும் தலைக்குமேல் குவித்துவிட்டேன். பிடியை விட்டிருக்கிறோம் என்பது அந்தரத்தில்தான் தெரிந்தது.

விழுந்த இடம் சேறு. முன் சக்கரம் பொரித்த அப்பளம்போல் வளைந்துகொண்டது. என் முழங்காலைப் பற்றி முன்பே சொன்னேன். லாரியிலிருந்து “லாக்லோ நாகி, தாதா?” என்று, அடிபட்டதா என அன்போடு விசாரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

“கையை ஏன் விட்டேள்?”

“அம்பாள் எதிர்ல வரா, கூப்பாம என்ன பண்றது? நீ ஏன் விட்டே?”

“நீங்க பிடிச்சுண்டிருப்பேள்னு நம்பித்தான்.”

நான் எழுந்து வண்டியை நிமிர்த்தினேன்.

சக்கரம் உருள மறுத்ததால் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே வீட்டை நோக்கி நடந்தேன். கமலா பின்பக்கத்தைத் தள்ளினாள். வானம் சாம்பல் நிறமாகியது. ஆற்றுக்குப் போய்த் திரும்பினால் அம்மாளின் அழைப்புத் தவறும். போகாவிட்டால் அழைப்புக்குப் பதில் இல்லை. வழியெல்லாம் அவள் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு அச்சமாக இருந்தது. ஒரே ஒரு முறை, “அம்மாகிட்ட என்னன்னா சொல்வேன்?” என்றாள். நான் பாசுரத்தை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

எங்கள் வீட்டை ஒட்டிய தெருமுனையில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் உண்டு. விடியலில் தானாகப் பொங்கி வழியும். அதைக்கொண்டு தெருவைக் கழுவுவார்கள். சேற்றோடு வீட்டுப் படியேற வேண்டாமே என்று கமலா அங்கே குனிந்தாள். முகம் கழுவி, பல்லில் ஒட்டிய மண்ணைக் கொப்பளிக்க ஒரு கை நீரை வாயருகே கொண்டுபோனாள். மேல்மாடி முகப்பில் பல் துலக்கிக்கொண்டிருந்த கோஷ் பாபு நுரை தெறிக்க அலறினார்:

“பௌதி, காபேன் நா! ஓட்டா கங்கார் ஜொல்!”

அண்ணி, குடிக்காதீர்கள், அது கங்கைத் தண்ணீர்! இந்த நகரத்துக்கு அந்நாளில் இரண்டு குழாய்வழிகள். ஒன்றில் குடிப்பதற்குச் சுத்திகரித்த நீர். மற்றொன்றில் தெரு கழுவ, ஆற்றிலிருந்து அப்படியே இறைத்த நீர். அவர் சொன்னது எச்சரிக்கை. சொல்லி முடித்த பிறகுதான் தம் சைக்கிளைப் பார்த்தார். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

கமலா நிமிர்ந்தாள். “உங்களுக்குத் தெரியுமோ?”

“குடிக்கக்கூடாத தண்ணின்னு தெரியும். எங்கேருந்து வரதுன்னு...”

“துறைமுகத்து ஆபீசர்! இத்தனை வருஷமா நம்ம வாசல்ல வந்து நின்னுண்டிருக்கா. என்னை அலிப்பூருக்கு மிதிக்க வெச்சேள்!”

இடுப்பிலிருந்து சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்தாள். எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் இன்னும் வெயில் விழவில்லை, முழுக்குக்கு நேரம் இருந்தது. நடைபாதை ஓரம் அமர்ந்து, “மங்களம்” என்று தாயின் பெயரைச் சொல்லித் தலையைக் குழாய்க்கு அடியில் கொடுத்தாள். கலங்கலான நீர், ஆற்றுமண் வாசனையோடு அவள் தலையில் விழுந்து தெருவில் ஓடிற்று. கங்கை திருமால் திருவடியில் தோன்றியதைப் பாடியிருக்கிறார்கள், சிவன் சடையில் ஒளிந்ததைப் பாடியிருக்கிறார்கள். மாநகராட்சி இரும்புக் குழாயில் அவள் வந்ததை யாரும் பாடவில்லை. நான் வளைந்த சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நானும் உட்கார்ந்தேன்.

ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி மணி அடித்தது.

“ஆச்சும்மா. நிஜ கங்கைதான். உம் பேரைச் சொல்லிண்டேன்... ஆழமெல்லாம் போகலை, கரையோரமாத்தான்... கூட்டமே இல்லைம்மா.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமாம்மா, தங்கமான மனுஷர்தான். அவர்தான் அழைச்சுண்டு போனார்” என்றாள்.

அந்தத் தை மாதம் அம்மாள் போய்விட்டார். சக்கரத்தைச் செப்பனிட்டும் அந்தச் சைக்கிளில் யாரும் ஏறவில்லை. பிறகு கோஷ் பாபுவும் போனார். பெரிய சாலைகளில் சைக்கிளே கூடாது என்று பலகைகள் முளைத்தன. ஒரு நாள் தெருமுனைக் குழாயின் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே வழவழப்பான கல் பாவிவிட்டார்கள். நிற்கத் தோதான இடம்தான். காலின்கீழ் ஈரம் இல்லை.

என் தலையில் எண்ணெய் ஊறுகிறது, குளியலறையில் வெந்நீர்க் கருவி சூடேறுகிறது. “எண்ணெயோட எத்தனை நாழி உட்கார்ந்துண்டிருப்பேள்? எங்கேயாவது சைக்கிள்ல போகப்போறேளா?” என்று கமலா குரல் கொடுக்கிறாள். எழுந்திருக்க வேண்டும்.

இதைப் படித்த நீங்கள் யாவரும் உங்கள் இல்லத்தாரோடு நெடுங்காலம் நலமாக வாழ்க. நீங்கள் தேடிப் புறப்படும் கங்கை உங்கள் தெருமுனைக்கே வந்து நிற்கட்டும். அதை உரக்கச் சொல்ல, மேல்மாடியில் ஒரு நல்லவரும் உங்களுக்கு வாய்க்கட்டும்.