ரயில் மேட்டில் செருப்பு

கள்ளக்குறிச்சிக்கு ரயில் எப்போது வரும் என்று என்னிடம் யாராவது கேட்டால், கேட்டவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். எந்தப் பாலம் முடிந்தது, எங்கே ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், எந்த வளைவில் வேலை நிற்கிறது, எல்லாவற்றையும் கைப்பேசியில் படத்தோடு காட்டாமல் விடமாட்டேன். இந்தப் பைத்தியம் மூன்றாம் வகுப்பில் பிடித்தது.

அப்போது எங்கள் ஊர்க்கோடியில் ரயிலுக்காக மண் கொட்டி மேடு போட்டிருந்தார்கள். தண்டவாளம் கிடையாது. சின்னசேலம் பக்கமிருந்து வந்த மேடு எங்கள் ஊரோடு நின்றுவிட்டது. மேலே ஏறினால் கல்வராயன் மலை பக்கத்து வீடு மாதிரி தெரியும். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார், பொங்கலுக்குத்தான் வருவார். "ரயிலு வந்துட்டா வாரா வாரம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் மேட்டுக்கு ஓடி, வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பாயிற்று. பெரும்பாலும் ஆடுகள்தான் நகர்ந்திருக்கும்.

புல் அறுக்க மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா அடியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். மறுபக்கம் இறங்கித்தான் மாட்டுவாள். முள்ளும் சரளையும் கிடக்கிற இடத்தில் இது எதற்கு? கேட்டால், "வாய மூடிக்கினு நட" என்பாள். கோயிலில்தானே செருப்பைக் கழற்றுவோம்? அப்படியானால் ரயிலும் சாமிதான் என்று நானே முடிவு செய்து, கூட வரும் பிள்ளைகளுக்கும் சட்டம் போட்டுவிட்டேன். "வராத ரயிலுக்கு இன்னாடி பூஜ?" என்று அத்தை மகன் கிண்டல் செய்தான். ஆனாலும் கழற்றினான். சாமி விஷயமாயிற்றே.

ஒருநாள் ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் பூட்ஸ் காலோடு மேட்டில் ஏறினார். கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"பூட்ஸ கழட்டிட்டு வாங்க சார். எங்கம்மாவே கழட்டிட்டுத்தான் ஏறுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் புல்லுக்கட்டோடு அம்மா ஏறி வந்தாள், கையில் செருப்போடு. "ரயிலுக்கு இவ்வளவு மரியாதையாம்மா?" என்று கேட்டார். "சின்னப் புள்ள, ஏதோ சொல்லிடுச்சுங்க" என்று அம்மா தரையைப் பார்த்தாள்.

விட்டால் போய்விடுவாரே என்று, ரயில் எப்போது வரும் என்றேன். மேடு முடிந்து கரும்பும் மரவள்ளியும் நிற்கிற பக்கம் அவர் கைகாட்டினார். "அந்த நிலமெல்லாம் கைக்கு வந்தா வந்துடும் பாப்பா."

"எல்லாத்தையும் சீக்கிரம் எடுத்துக்குங்க சார்" என்றேன். "எங்கப்பா வரணும்."

அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறங்கியும் செருப்பை மாட்டவில்லை. வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். மகள் அதிகாரியோடு பேசிய பெருமையில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கோயிலைத் தவிர இன்னோர் இடத்திலும் செருப்புக் காலை வைக்கமாட்டார்கள்: பயிர் வைக்கிற நிலத்தில். நான் நடை பழகிய வயதில், அம்மாவும் அப்பாவும் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட நிலம் அந்த மேட்டு மண்ணுக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது. அந்த நிலம் ரயிலுக்குப் போன வருஷம்தான் அப்பா பெங்களூருக்கு பஸ் ஏறினார். அவரை அனுப்பி வைத்த ரயிலிடமே போய், அவரைக் கொண்டுவா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.