முப்பத்தொன்பது கிளைகள்

பார்சல் கம்பெனியில் அவரைப் பிளாப்பி என்றுதான் கூப்பிட்டார்கள். பார்சல் பதியும் புரோகிராமை எழுதி, பிளாப்பி டிஸ்கில் போட்டு, நாற்பது கிளைகளுக்கும் தானே கொண்டுபோய் ஏற்றுவார். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. தூரத்துக் கிளையில் தொடங்கித் தலைமை அலுவலகத்தில் முடிப்பார். முதலாளியின் கண்ணெதிரில் இருக்கும் மெஷினுக்கு என்ன அவசரம்?

இன்டர்நெட் வந்தது. மனைவியின் தம்பியும் வந்தான். கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் பிளாப்பிதான். புரோகிராம் சர்வரில் ஒரே இடத்தில் இருந்தால் போதும், கிளைகள் வெப் பக்கத்தைத் திறந்து பதியலாம் என்றான் மச்சினன்.

“லைன் போச்சுன்னா? கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணுமா?” என்றார் பிளாப்பி.

முதலாளிக்கு இது வேடிக்கையாக இருந்தது. “ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க. ஒருத்தருக்குத்தான் இங்க வேலை.”

ஆபீசே கூடி நின்றது. மச்சினன் பட்டனைத் தட்டினான், லைன் போனது. திரை வெறும் வெள்ளை.

“என்னப்பா, சர்வர் மௌன விரதமா?” யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிளாப்பி உட்கார்ந்தார். பட்டியலில் கைக்கு வந்த கிளையைத் தட்டினார். சொடுக்குப் போடும் நேரத்தில் ரசீது வந்து விழுந்தது.

மச்சினன் அதை எடுத்துப் பார்த்தான்.

“மாமா, இந்தப் பார்சல் எங்க போகுது?”

“பாலத்தடிக் கிளைக்கு.”

“அதைத்தான் போன மாசமே மூடிட்டாங்களே.”

இருபத்திரண்டு கிளைகளுக்குப் போய், அங்குள்ள மெஷின்களின் பட்டியலிலிருந்து அதை அவரே நீக்கியிருந்தார். தலைமை அலுவலகத்தின் இந்த மெஷினுக்கு இன்னும் முறை வரவில்லை. இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“மாமாவே போய் எல்லாக் கிளையிலயும் பழசை அழிச்சுட்டு வரட்டும் சார். வந்ததும் சர்வர் வேலைய நான் கத்துத் தர்றேன்” என்றான் மச்சினன். முதலாளி தலையாட்டினார். பிளாப்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டில் மனைவி, “பாத்தீங்களா, என் தம்பி உங்கள விட்டுடுவானா?” என்றாள்.

ஒன்று விடாமல் அழித்தார். முப்பத்தொன்பதாவது கிளையிலிருந்து போன் செய்தார்.

“எல்லாம் முடிஞ்சுதா மாமா?”

“சுத்தமா முடிஞ்சுதுப்பா. நாளைக்கு வந்துடறேன்.”

“ஆபீசுக்கு வேணாம் மாமா. நேரா வீட்டுக்குப் போயிடுங்க. இங்க ஆள் போட்டாச்சு.”

போனை வைத்தார். கிளை குமாஸ்தா கேட்டார்: “புதுசு எப்படி சார், நல்லா இருக்குமா?”

“ரொம்ப வேகம்” என்றார் பிளாப்பி.