ஒரகடத்தில் ஒரு மீன் துண்டு

சென்ற சனிக்கிழமை வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்பினேன். வழியில் ஒரகடத்தில் ஜப்பான் சாப்பாட்டையும் ஒரு கை பார்த்துவிட்டுப் பதிவு போட ஆசை. பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன், நீங்களாவது பிழைத்துப்போங்கள்.

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் பேருந்து, படப்பை வழியாக ஒரு மணி நேரம். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கினால் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். “குச்சியில துன்னுவாங்களே, அந்த ஓட்டலா? குந்து சார்” என்றார் ஓட்டுநர்.

ஓட்டலில் என் தங்கை ரேவதி காத்திருந்தாள். அங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கூடவே அவளுடைய மேனேஜர் மொரிதா. அம்மா இறந்து ஜப்பானுக்குப் போனவர், அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். தனியாகச் சாப்பிட வேண்டாமே என்று ரேவதிதான் அழைத்திருந்தாள்.

சோறு, சூப், பொரித்த மீன் எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது ரூபாய். சாப்பிடும் குச்சியான சாப்ஸ்டிக், ரேவதிக்குக் கொண்டையில் செருகவும் ஆகும். எனக்கோ அது படம் காட்டும் சாமான். வீட்டில் வேர்க்கடலையை வைத்துப் பழகிவிட்டு வந்திருந்தேன். வீடியோவை ஓடவிட்டுக் கைபேசியைச் சாய்த்து வைத்து, பெரிய மீன் துண்டாகக் குச்சியால் கவ்வி மொரிதாவின் குச்சிகளிடம் நீட்டினேன்.

“அண்ணா, வேணாம். தட்டுல வை.”

“உன் மேனேஜரை நான் கவனிச்சுக்கறேன், நீ சும்மா இரு.”

அவர் கை பின்வாங்கியது. நான் விடவில்லை. குச்சியோடு குச்சி உரச, அதிலேயே மீனைத் திணித்தேன். அவர் முகம் வெளுத்தது. மீன் மேசையில் விழுந்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

“இன்னா வேலை பண்ணிட்டண்ணா?” ரேவதியின் கண் கலங்கியிருந்தது. “அவங்க ஊர்ல செத்தவங்களை எரிச்சப்புறம் எலும்பை இப்படித்தான் குச்சிக்குக் குச்சி மாத்தி பானையில போடுவாங்க. இப்பதான் அவரும் தம்பியும் அவங்கம்மாவுக்குச் செஞ்சிட்டு வந்திருக்காங்க. திங்கக்கிழமை அவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வீடியோவை அழித்தேன். கொஞ்ச நேரத்தில் மொரிதா திரும்பி வந்து, என் முன்னால் குனிந்து ஏதோ சொன்னார்.

“சாப்பாட்டைக் கெடுத்துட்டாராம். உன்னை மன்னிக்கச் சொல்றார்” என்றாள் ரேவதி, என்னைப் பார்க்காமலே. நான் ‘சாரி’ என்று ஏதோ உளறிவிட்டு எழுந்தேன்.

கோயிலுக்குப் போக மனமில்லை, பேருந்து ஏறிவிட்டேன். போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று: எதையும் தட்டில் வைத்துக் கொடுங்கள். ஸ்பூன் கேட்டால் தருவார்கள், கையால் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் அப்பாவின் எலும்பைச் சாம்பலிலிருந்து பொறுக்கியவன் நான். அந்த வாரத்தில் எவனாவது வந்து அதையே எனக்கு விளையாட்டாகச் செய்து காட்டி, படமும் எடுத்திருந்தால் அடித்திருப்பேன். மொரிதா என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.