சித்ரோ ஏற்றிய லாப்பா

மகள் நேற்றுக் குசினியில் ஒரு தகரப் பேணியைத் திறந்தாள். சைடராம். புளித்த அப்பிள் வாசம் மூக்கில் ஏறியதும் நான் பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

இத்தாலியில் அதற்குச் சித்ரோ என்று பெயர். திராட்சை மண்ணான சிசிலியில் அதை யார் குடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பலேர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் நான் முதலில் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, பிரான்சின் நோர்மண்டிக்காரி. நிலவறையில் தானே அப்பிள் பிழிந்து, புளிக்கவைத்து, போத்தலில் அடைத்து, தக்கையைக் கம்பியால் கட்டுவார். நல்ல தண்ணீர் இல்லாத பழங்காலத்தில் அவருடைய ஊரில் குழந்தைகளுக்குச் சித்ரோவிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். அப்பிள் மரம் பூக்கும்போது போத்தலுக்குள் இருப்பதும் விழித்துக்கொள்ளுமாம். கட்டுக்கதை என்று நினைத்தேன்.

மரங்கள் பூக்கும் அந்தக் காலத்தில்தான் நகரத்துக்கு வெளியே ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு கலியாண விருந்துக்குப் போத்தல்கள் போகவேண்டி வந்தது. ஓட்டியவர் மன்னார் யேசு அண்ணை. லாப்பா என்கிற அந்த மூன்று சில்லு வண்டியில் முன்னுக்கு ஓராளுக்குத்தான் இடம். நான் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே, போத்தல் பெட்டிகளைப் பிடித்தபடி. அப்படிப் போவது குற்றம். எனக்கோ, சிஞ்ஞோரா வீட்டு வேலையைக் காட்டிக் கேட்டிருந்த பெர்மெஸ்ஸோ, நாட்டில் தங்கும் அனுமதி, இன்னும் கைக்கு வரவில்லை.

ஆபிரிக்கக் காற்று அனலாக வீசிய நாள். றோடு முழுக்கக் குண்டும் குழியும். ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழும்ப, ஒரு போத்தல் வெடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் ஊரைவிட்டே வந்தவள் நான். அடுத்ததும் வெடித்து, கண்ணாடி என் முழங்கையைக் கிழித்தது. அண்ணைக்குக் கேட்கட்டும் என்று தகரத்தில் ஓங்கி அடித்தேன்.

"முன்னுக்குப் பொலிஸ் நிக்குது பிள்ளை. சத்தம் போடாமல் குனிஞ்சிரு" என்றார் அண்ணை.

குனிந்தால் முகத்துக்கு நேரே போத்தல்கள். உள்ளே நுரை ஏறுவது தெரிந்தது. லாப்பா ஊர்ந்தது. ஒவ்வொரு குழியையும் அவர் தடவித் தடவிக் கடந்தார். நான் மாதாவை வேண்டினேன். பொலிஸுக்காகவா போத்தலுக்காகவா என்று எனக்கே தெரியாது.

வளைவு தாண்டியதும் ஒரு சந்தில் நிறுத்தி என்னை இழுத்து இறக்கினார். பிறகு தலையில் ஹெல்மெட்டும் கையில் சாக்குமாகப் போய், ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினார். தக்கைகள் பறந்தன. கலியாணத்துச் சித்ரோ எல்லாம் பலேர்மோவின் பள்ளங்களில் தேங்கி நுரைத்தது.

வேலை போய்விட்டது, பெர்மெஸ்ஸோவும் போய்விட்டது என்று நான் அழ, அண்ணை சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார். சற்று நேரம் கேட்டுவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"உன்ரை கண்ணைத்தான் கேக்கிறா. நீயே சொல்லு."

இரண்டு கண்ணும் தெரிகிறது என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். மறுபக்கம் மூச்சு விடுவது கேட்டது. அவருடைய தகப்பனுக்கு ஒரு கண் போனது அப்படியொரு போத்தலால் என்பதைப் பிறகுதான் சொன்னார். கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. அதன்பின் அவர் சித்ரோ போட்டதுமில்லை.

சிஞ்ஞோரா காலமாகிவிட்டார். அந்த நிலவறையில் இப்போது சுற்றுலாக்காரர் வாடகைக்குப் படுக்கிறார்கள். யேசு அண்ணை லண்டனில். நான் எத்தனையோ வீடுகளில் வேலை செய்துவிட்டேன். அங்கெல்லாம் ஏதாவது விழுந்து உடைந்த சத்தம் கேட்டால், என்ன உடைந்தது என்றுதான் எல்லாரும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.